முகம் காட்டும் முன் ஒரு வார்த்தை



பேசக் கூப்பிடுவது ஒன்று. முகத்தைக் காட்டு என்று கூப்பிடுவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செல்போன் மணி அடிக்கிறது, கையில் எடுத்தால் திரையில் முதலில் தெரிவது நம் முகம். மேலே சட்டை இருக்கிறதா, பல் செட்டு வாயில் இருக்கிறதா, பின்னால் கொடியில் என்ன காய்கிறது என்று பார்க்கக்கூட அவகாசம் கிடையாது.

வீடியோ காலே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதனால் வந்த நன்மைகளைப் பின்னால் சொல்லப் போகிறேன். நான் கேட்பது மூன்றே மூன்று. கேட்காமல் வீடியோவில் அழைக்காதீர்கள். கேட்காமல் இன்னொருவரை வீடியோவில் காட்டாதீர்கள். முன்பின் தெரியாதவன் வீடியோவில் வந்தால் முகம் காட்டாதீர்கள். இந்த மூன்றும் நம் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஆசை பழையது

முகம் பார்த்துப் பேச வேண்டும் என்ற ஆசை தொலைபேசியோடு கூடவே பிறந்தது. கிரகாம் பெல் 1876-இல் காப்புரிமை வாங்கினார். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1878 டிசம்பரில் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஜார்ஜ் து மோரியே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். இவர் பாரீசில் பிறந்தவர். லண்டனில் ஒரு படுக்கையறை. சுவரில் அகலமான திரை. அதில் இலங்கையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தெரிகிறார்கள். பெற்றோர் கையில் பேசும் குழாய். படத்தில் அந்தத் தகப்பனார் மகளிடம் கிட்டே வா, ரகசியமாக ஒன்று கேட்க வேண்டும் என்கிறார். அங்கே நிற்கும் இன்னொரு பெண் யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை! கருவி கண்டுபிடிக்கப்படும் முன்பே அதில் வரப்போகும் சங்கடத்தையும் ஓவியர் கண்டுவிட்டார். நாம் பார்க்க நினைப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரும் திரைக்குள் வந்துவிடுவார்.

1883-இல் ஆல்பேர் ரொபிதா என்ற பிரெஞ்சுக்காரர் 'இருபதாம் நூற்றாண்டு' என்ற நாவலை எழுதி, படங்களையும் அவரே வரைந்தார். கதை நடப்பது 1952-இல். அதில் 'தெலெஃபோனோஸ்கோப்' என்று ஒரு கருவி. சுவரில் ஒரு பளிங்குத் தகடு, அதில் நாடகமும் தெரியும், தூரத்தில் இருக்கிற மனிதரும் தெரிவார். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு ழூல் வெர்ன் தெரிந்த அளவுக்கு ரொபிதா தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் நம் காலத்தை நன்றாகக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தில் எளிது, தொழிலில் கடினம். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற கருவியைக் காட்டியது. அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் பொதுச் சாவடிகளும் திறந்தது. மூன்று நிமிடத்துக்கு 16 டாலரிலிருந்து 27 டாலர் வரை கட்டணம். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள், மாதம் 160 டாலர். யார் வாங்குவார்கள்? வாங்கினாலும் எதிர்முனையில் இன்னொருவர் வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற கோலத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள ஆட்களுக்கு விருப்பமில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளில் கடையைக் கட்டிவிட்டார்கள். பிரான்சிலும் 1984-இல் பியாரிட்ஸ் ஊரில் ஒளியிழைக் கம்பி போட்டு வீடுகளுக்கு 'விஸியோஃபோன்' கொடுத்துப் பார்த்தார்கள். ஊரெல்லாம் அது பரவவில்லை.

கையில் கொண்டுபோகும் போனில் காமிராவை வைத்து முகம் காட்டியது ஜப்பான். 1999-இல் கியோசெரா நிறுவனத்தின் போன் ஒரு விநாடிக்கு இரண்டு படம் அனுப்பியது. நம் நாட்டில் 2008 டிசம்பரில் டெல்லியில் எம்.டி.என்.எல்.லும், 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல்.லும் 3ஜி சேவையைத் தொடங்கின. அப்போது விளம்பரமே வீடியோ கால்தான். ஆனால் இருவரிடமும் 3ஜி போன் இருக்க வேண்டும், இருவர் இருக்கும் இடத்திலும் சிக்னல் வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடும். நம் தெருவில் அதில் பேசியவர்களை நான் பார்த்ததில்லை.

மாறியது 2016-இல். செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. அதுவரை பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்தது காய்கறிக்காரம்மா கைக்கு வந்துவிட்டது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூறு வருஷமாக விலைதான் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. காசு போகிறதே என்று பயந்து யாரும் சும்மா அழைக்கவில்லை. விலை போனதும் தாழ்ப்பாளும் போய்விட்டது. அந்த இடத்தில் மரியாதை என்ற தாழ்ப்பாளை நாம்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போடவில்லை.

நன்மையை மறைக்கக் கூடாது

நம் புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான ஒப்படைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், சொல்தா குடும்பங்கள், அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் என்று பாதி உறவு அங்கே. ஒரு காலத்தில் ஏரோகிராம் தாள்தான். பிள்ளை பிறந்தால் ஸ்டூடியோவில் எடுத்த படம் உறையில் வரும், வந்து சேர்வதற்குள் குழந்தை குப்புற விழுந்திருக்கும். இன்று பேரன் முதல் அடி எடுத்து வைப்பதை முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து பார்க்கிறோம். இதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

காது கேளாதவர்களை நினைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தொலைபேசி வந்து நூறாண்டுக்கு மேல் அவர்களுக்கு அது ஒரு பயனும் இல்லாத பெட்டி. இன்று கடற்கரைச் சாலையில் ஒரு பையன் போனைச் சுவரில் சாய்த்துவைத்து இரண்டு கையாலும் பேசுகிறான், அந்தப் பக்கம் இருப்பவர் சிரிக்கிறார். வீடியோ காலுக்கு இதைவிட நல்ல நியாயம் எதுவும் இல்லை.

சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாப்பிள்ளை அமெரிக்காவிலும் பெண் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருந்த ஒரு திருமணத்தை, சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் காணொலி வழியாக நடத்திப் பதிவுசெய்ய மணவாளக்குறிச்சி சார்பதிவாளருக்கு உத்தரவிட்டது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் காட்டிக்கொள்ள முடிந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு, அது நமக்குக் கொஞ்சம் கசக்கும். குரலில் நாம் நன்றாகப் பொய் சொல்லுவோம். 'நல்லா இருக்கேன், நீ கவலைப்படாதே' என்று இருமலை அடக்கிக்கொண்டு சொல்லிவிடலாம். கால் வீங்கியிருப்பதும் கன்னம் ஒட்டியிருப்பதும் படத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் கவலை கொடுக்க வேண்டும் என்று மறைத்துமறைத்தே கடைசி நேரத்தில் தந்தி கொடுத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு வீடியோ கால் ஒரு மருந்து. ஒப்புக்கொள்கிறேன்.

கேட்காமல் காட்டுவது

ஆனாலும் மருந்தைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயதான அம்மா படுத்த படுக்கை. தெருவில் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். நன்றாகத் தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத புடவையில்தான் வாசலுக்கே வருவார்கள். பிள்ளைகள் நாலு பேரும் வெளியூர், அதில் இருவர் பிரான்சில். ஞாயிற்றுக்கிழமை மாலையானால், அங்கே மதியம், போன் வரும். பார்த்துக்கொள்ளும் பெண் போனைக் கட்டிலுக்கு மேலே பிடிப்பாள். மூக்கில் குழாய், கலைந்த தலை, விலகிய போர்வை. அந்தப் பக்கம் பிள்ளை மட்டுமா? மருமகள், சம்பந்தி, விருந்துக்கு வந்தவர் எல்லோரும் எட்டிப்பார்க்கிறார்கள். நான் போயிருந்த அன்று அந்த அம்மா மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 'பாட்டி வெக்கப்படுறாங்க' என்று போனில் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச முடியாதவர்கள் வேறு எப்படி வேண்டாம் என்று சொல்வார்கள்? பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் இல்லை. வாரம் தவறாமல் அழைக்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் காதில் போனை வைத்து, படம் இல்லாமல், 'அம்மா, நான்தான்' என்று ஒருவர் ஐந்து நிமிடம் தனியாகப் பேசியிருந்தால் அது அவர்களுக்கு உரியதாக இருந்திருக்கும். இப்போது நடப்பது பார்க்கிறவர்களின் திருப்திக்கு.

இதையே நல்ல உடம்போடு இருப்பவர்களிடமும் பார்க்கிறேன். குரல் அழைப்பில் அரைமணி நேரம் மனசு விட்டுப் பேசுகிறவர், வீடியோவில் மூன்று நிமிடத்தில் வற்றிவிடுகிறார். 'சாப்டியா? ஆச்சு. அங்க குளிரா? குளிருதான். இதோ தங்கச்சி கிட்டே தரேன்.' போன் கைமாறிக் கைமாறி வீட்டைச் சுற்றி வருகிறது. எல்லோரையும் பார்த்தாகிவிட்டது, ஒருவரோடும் பேசவில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல மனிதனுக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டியிருக்கிறது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குத் தட்டி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

சாவு வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விமானம் கிடைக்காத பிள்ளைக்குத் தகப்பன் முகத்தைக் கடைசியாகக் காட்டுவது புண்ணியம். கொரோனாக் காலத்தில் எத்தனையோ பேருக்கு அதுதான் கிடைத்த ஒரே தரிசனம். ஆனால் குளிப்பாட்டுவதையும் வாய்க்கட்டு போடுவதையும்கூட நேரலையாகக் காட்டுவதை நான் பார்த்தேன். இறந்தவரிடம் அனுமதி கேட்க முடியாது. ஆகவே உயிரோடு இருக்கும்போதே நாம் சொல்லி வைக்க வேண்டும். என் வீட்டில் நான் சொல்லிவிட்டேன். படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தால் காட்டாதே, பேச்சுச் சத்தத்தை மட்டும் காதில் கொடு. போன பிறகு, வேட்டி சட்டை உடுத்தி மாலை போட்டபின், வர முடியாதவர்களுக்கு ஒருமுறை காட்டு. அவ்வளவு போதும். வீட்டுப் பத்திரத்தைப் பற்றியெல்லாம் எழுதி வைக்கிறோம், இதையும் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன?

போலீஸ் உடுப்பில் வரும் திருடன்

மூன்றாவது விஷயம் பணத்தோடு சம்பந்தப்பட்டது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரில் யாரோ கணக்கு திறந்திருக்கிறார்கள் என்று ஒருவன் ஆரம்பிப்பான். அடுத்து வீடியோவில் வா என்பான். திரையில் காக்கி உடுப்பு, பின்னால் காந்தி படம், கொடி. கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் உட்காரவைத்துப் பணத்தைக் கறந்துவிடுவார்கள். 2024-இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கே மாதத்தில் இப்படிப் போனது 120 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் கணக்குச் சொன்னது. படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்ம பூஷண் பெற்றவர், அதே ஆண்டு 82 வயதில் 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்கு வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்றத்தையே நடத்திக் காட்டினார்கள், போலித் தலைமை நீதிபதியோடு.

இது குரல் அழைப்பில் இவ்வளவு தூரம் நடக்காது. முகமும் உடுப்பும் தெரிவதால்தான் நடக்கிறது. நம் தலைமுறை உடுப்பைக் கண்டால் எழுந்து நின்று பழகிய தலைமுறை. அந்தப் பழக்கத்தைத்தான் அவன் பயன்படுத்துகிறான்.

ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அரசாங்கத்துக்கு முகம் கிடையாது, காகிதம்தான் உண்டு. கடித எண், தேதி, கையெழுத்து, முத்திரை. இவை இல்லாமல் ஒரு டீத்தூள் பில்லுக்குக்கூடப் பணம் பட்டுவாடா ஆகாது. முகத்தைக் காட்டி உன் சேமிப்பை மாற்று என்று எந்த ஆபீசும் சொல்லாது. சட்டமும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆவது பிரிவுப்படி, கைது என்றால் ஆளே தன்னை ஒப்படைத்தாலொழிய, காவல் அதிகாரி உடம்பைத் தொட வேண்டும் அல்லது அடைத்துவைக்க வேண்டும். செல்போனில் தொட முடியுமா? விசாரணைக்கு வரச்சொல்லும் போலீஸ் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் சொன்னதும் நினைவிருக்கலாம்.

'பேங்க்கிலேயே இப்போது வீடியோவில் முகம் பார்க்கிறார்களே?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வீடியோ மூலம் வாடிக்கையாளரை அடையாளம் காண அனுமதி கொடுத்தது. ஓய்வூதியக்காரர்களின் ஆயுள் சான்றுக்கும் 2021 நவம்பரிலிருந்து போனில் முகம் காட்டி, கண் சிமிட்டினால் போதும் என்று வசதி வந்திருக்கிறது. கருவூலத்துக்கு ஆட்டோ பிடித்துப் போக முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. வித்தியாசம் என்னவென்றால், இவற்றில் நாம்தான் தேடிப் போகிறோம். வங்கியின் சொந்தச் செயலியில், நாம் கேட்ட வேலைக்காக, நாம் விரும்பும் நேரத்தில். திருடன் விஷயத்தில் அவன்தான் நம்மைத் தேடி வருகிறான். நாம் தேடிப்போய்க் காட்டும் முகம் வேறு, தேடி வந்தவன் கேட்கும் முகம் வேறு. இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் போதும். அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

என்ன செய்யலாம்

பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை 'விஸியோ' என்பார்கள். அங்கே அவர்கள் ஆபீசில் ஒரு விஸியோ வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். மேலதிகாரிக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைத் தாய் தகப்பனுக்கும் கொடுக்கலாம். 'வீடியோவில் வரட்டுமா?' என்று ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பதில் வந்தால் வீடியோ, வராவிட்டால் குரல். நாமும் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியே செய்ய வேண்டும். இருபது வயதுப் பேத்தியின் அறைக்குள் கேட்காமல் நுழைய மாட்டோம். கேட்காமல் அழைக்கும் வீடியோவும் அறைக்குள் நுழைவதுதான்.

வீட்டில் படுத்திருப்பவர் இருந்தால் போனைத் தூக்கும் முன் அவர் தலையைச் சீவி, போர்வையைச் சரிசெய்து, 'காட்டட்டுமா?' என்று கேளுங்கள். பேச முடியாவிட்டாலும் கண் பதில் சொல்லும். வாரத்தில் ஒரு அழைப்பையாவது படம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வீடியோ வந்தால் எடுக்கவே வேண்டாம். உண்மையான ஆளாக இருந்தால் குரலில் பேசுவார், அல்லது காகிதம் அனுப்புவார்.

நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்றுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு முகம் காட்டுகிறோம். அது விதி, காட்டித்தான் ஆக வேண்டும். மற்ற நாள்களில் நம் முகத்தை யாருக்கு, எப்போது காட்டுவது என்பது நம் கையில் இருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம், குரலிலேயே சொல்லுங்கள்.